பழைய கைபேசி வாங்கி விற்கும் தொழிலில் எதுவரை போகலாம்?

வாசகர் கேள்வி: திண்டுக்கல்லில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜிங் போர்டு மாற்றுவது என்று ஓடிக்கொண்டிருந்த தொழிலில் வருமானம் குறைந்துவிட்டது. பழைய கைபேசிகளையும் மடிக்கணினிகளையும் விலைக்கு வாங்கி, சரிசெய்து விற்கலாம் என்று நினைக்கிறேன். திருட்டு செட் ஒன்று வந்துவிட்டால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டியிருக்கும் என்று மாமனார் தடுக்கிறார். இதற்கு லைசென்ஸ் ஏதும் வாங்க வேண்டுமா? ஜிஎஸ்டி எப்படிக் கட்டுவது? கடையின் பின்னறையில் மூன்று மூட்டை செத்த செட்டுகளும், ஒரு பக்கெட் நிறைய பழைய பேட்டரிகளும் கிடக்கின்றன. கோவையிலிருந்து வரும் ஒருவர் போர்டுகளைக் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். தம்பியோ யூடியூப் பார்த்துவிட்டு, அமிலத்தில் போட்டு நாமே தங்கம் பிரிக்கலாம் என்கிறான். எங்களுக்கு வழி சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வெவ்வேறு தொழில்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஓடக்கூடிய சாதனத்தை வாங்கிச் சரிசெய்து இன்னொருவர் கைக்கு மாற்றுவது ஒன்று. இனி ஓடவே ஓடாத சாதனத்தை உடைத்து அதிலுள்ள உலோகத்தைப் பிரித்தெடுப்பது மற்றொன்று. மின்னணுக் கழிவு மேலாண்மையில் ஆலோசகராக இருக்கும் பொறியாளர் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தொழில் உங்களுக்குக் கைவந்த தொழில். உங்கள் வேலைத்திறமைக்கு அதில் விலை கிடைக்கும். அதைத் துணிந்து செய்யுங்கள். இரண்டாவது தொழிலுக்குள் நீங்களும் உங்கள் தம்பியும் ஓர் அடிகூட எடுத்து வைக்க வேண்டாம்.

தம்பியின் யோசனைக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அது உயிர் சம்பந்தப்பட்டது. கைபேசிக்குள் தங்கம் இருப்பது உண்மைதான். பத்து லட்சம் கைபேசிகளை முறையாக மறுசுழற்சி செய்தால் ஏறத்தாழ 34 கிலோ தங்கமும், 350 கிலோ வெள்ளியும், 15 கிலோ பல்லேடியமும், 16 டன் செம்பும் கிடைக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டிருக்கிறது. கேட்பதற்குப் பெரிதாக இருக்கும் இந்தக் கணக்கை உங்கள் மூட்டைக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு கைபேசிக்கு 0.034 கிராம், நூறு கைபேசிகளுக்கு 3.4 கிராம், அதாவது அரைப் பவுன்கூட இல்லை. அதுவும், உள்ளே இருக்கும் தங்கம் ஒரு துளி விடாமல் கைக்கு வந்தால்தான். கொல்லைப்புறத்தில் வாளி வைத்துச் செய்பவர்களுக்கு அப்படி வராது. கணிசமான பகுதி கழிவுக் கரைசலோடு போய்விடும். அமிலத்துக்கான செலவு, போர்டைச் சுரண்டும் நேரம், மாத முடிவில் மருத்துவருக்குக் கொடுப்பது என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் அந்த வீடியோக்களில் காட்டப்படும் பளபளப்பான குண்டுமணி அளவுத் தங்கத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை.

அந்த வீடியோக்கள் காட்டாத பகுதியைச் சொல்கிறேன். தங்கத்தைக் கரைக்க அவர்கள் பயன்படுத்துவது நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த இராஜ திராவகம். போர்டை அதில் போட்டவுடன் செம்பும் நிக்கலும் கரையத் தொடங்கி, வாளியிலிருந்து பழுப்பு நிறப் புகை எழும்பும். அது நைட்ரஜன் டை ஆக்சைடு. அதைச் சுவாசித்தவருக்கு அந்த நேரத்தில் லேசான இருமலும் கண்ணெரிச்சலும் மட்டுமே இருக்கலாம். கைகால் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சுத் திணறும். காரணம் தெரியாமல் ஆஸ்துமா என்று நினைத்துக் காலம் கடத்திவிடுவார்கள். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வதோ, மொட்டைமாடியில் வைத்துச் செய்வதோ இதற்குப் பாதுகாப்பு ஆகாது.

கடைசியில் மிஞ்சுவது செம்பும் ஈயமும் நிக்கலும் கரைந்த பச்சை நிற அமிலக் கரைசல். அதை எங்கே ஊற்றுவது என்ற கேள்விக்கு, சாக்கடை, கிணற்றடி, காலி மனை என்ற மூன்று பதில்களைத் தவிர வேறு பதில் இந்தச் சிறுதொழிலில் கிடையாது. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் போர்டுகளை எரித்தும் அமிலத்தில் கழுவியும் உலோகம் பிரித்ததன் விளைவாக ராம்கங்கை ஆற்றின் கரை நெடுகக் கறுப்புச் சாம்பல் கொட்டிக் கிடந்தது. தில்லி சீலம்பூரின் சந்துகளில் குழந்தைகள் உட்பட முழுக் குடும்பமும் இந்த வேலையில் இருந்ததை ஆய்வாளர்களும் பத்திரிகைகளும் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்துவிட்டது என்பதைத் திண்டுக்கல்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் மண்ணுக்கு இன்னொரு சுமை வேண்டாம். தம்பிக்கு ஆர்வமும் கைப்பழக்கமும் இருப்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அவரை ஐசி எனப்படும் சில்லுகளை மாற்றும் வேலையிலும், தண்ணீர் புகுந்த போர்டை மீட்கும் வேலையிலும் தேர்ச்சி பெற வையுங்கள். செத்துவிட்டது என்று மூட்டையில் போட்ட போர்டு ஒன்று உயிர் பெற்று விலைபோனால் கிடைக்கும் பணம், அதே போர்டிலுள்ள தங்கத்தின் விலையைவிடப் பல மடங்கு அதிகம்.

இனி உங்கள் மாமனாரின் பயத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் நேர்மையற்ற முறையிலோ ஒரு பொருளை வாங்குபவருக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. அதையே வழக்கமாகச் செய்பவர் என்று நிரூபணமானால் தண்டனை பத்து ஆண்டு வரையோ ஆயுள் வரையோ போகும். “நம்புவதற்குக் காரணம் இருந்தும்” என்ற இடத்தைக் கவனியுங்கள். இருபதாயிரம் ரூபாய் பெறும் செட்டை இரவு ஒன்பது மணிக்கு வந்து மூவாயிரத்துக்குக் கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த விலையே உங்களுக்கு எச்சரிக்கை. எனக்கு ஒன்றும் தெரியாது என்று பிறகு சொல்வது எடுபடாது.

ஆனால் இந்தப் பயத்துக்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது. மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023ஆம் ஆண்டு மே மாதம் நாடு முழுவதற்குமாகத் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்ததாகவோ திருடுபோனதாகவோ உரிமையாளர் பதிவு செய்த கைபேசியின் ஐஎம்இஐ எண், அதாவது ஒவ்வொரு செட்டுக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண், முடக்கப்படுகிறது. நீங்கள் வாங்கப்போகும் செட்டில் *#06# என்று அழுத்தி, திரையில் தெரியும் 15 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சிம் போடும் செட்டாக இருந்தால் இரண்டு எண்கள் வரும், இரண்டையும் குறியுங்கள். கேஒய்எம் என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அதன் நிலை உடனே தெரிந்துவிடும். அந்தத் தளத்திலும் செயலியிலும்கூட இதைப் பார்க்கலாம். பழைய கைபேசிகளை வாங்கி விற்பவர்கள், முடக்கப்பட்ட எண்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வியாபாரம் செய்ய வேண்டும் என்பதைத் தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகளில் 2025இல் செய்யப்பட்ட திருத்தம் கடமையாகவே ஆக்கிவிட்டது. எனவே ஒரு செட்டைக்கூட இந்தச் சோதனை இல்லாமல் வாங்காதீர்கள். பதில் வந்த திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனை ஒன்றை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு முன் திருடுபோன கைபேசியை உரிமையாளர் இன்னும் பதிவு செய்திருக்க மாட்டார். சோதனையில் அது சுத்தமாகவே தெரியும். அதனால் கொள்முதல் பதிவேடு ஒன்று உங்கள் கல்லாவின் மேல் எப்போதும் இருக்க வேண்டும். விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு எண், அடையாள அட்டை விவரம், செட்டின் மாடல், ஐஎம்இஐ எண், கொடுத்த விலை, தேதி, கையொப்பம் ஆகியவை ஒரே வரிசையில் வரட்டும். ஆதார் நகல் வாங்கினால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாராக வாங்குங்கள், அல்லது ஓட்டுநர் உரிமம் போதும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் அவருடைய வங்கிக் கணக்குக்கு யுபிஐ வழியாக அனுப்புங்கள். திருடியவர் தன் பெயரிலுள்ள கணக்கில் பணம் வாங்கத் தயங்குவார். இந்த ஒரு நிபந்தனையே பாதிப் பிரச்சினையை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். பள்ளிச் சீருடையில் வரும் பிள்ளைகளிடம் எதையும் வாங்காதீர்கள். அப்பா அம்மாவை அழைத்து வரச் சொல்லுங்கள்.

இதே இடத்தில் ஒரு கடுமையான எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. முடங்கிப்போன செட்டின் ஐஎம்இஐ எண்ணை மாற்றி அடித்துக் கொடுக்கும் ஆட்கள் சந்தையில் இருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், 42ஆம் பிரிவின்படி, இந்தக் குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க முடியும். உங்கள் கடையில் இந்த வேலை நடக்கக் கூடாது என்பதோடு, வேறொருவர் இப்படிச் செய்த செட்டும் உங்களிடம் வந்து சேரக் கூடாது. திரையில் வரும் எண், செட்டின் பின்புறத்திலோ சிம் தட்டிலோ பொறித்த எண், அட்டைப்பெட்டியிலுள்ள எண் ஆகியவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். போர்டு மாற்றிய செட்டிலும் எண் ஒத்துப்போகாது. அப்படியானால் மாற்றியதற்கான சர்வீஸ் சென்டர் ரசீதைக் கேளுங்கள். இல்லை என்றால் வேண்டாம்.

தவணையில் வாங்கிய கைபேசிகளைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனெனில் சிறு ஊர்களில் இன்று வியாபாரிகளுக்கு அதிக நஷ்டம் தருவது திருட்டு செட்டைவிட இதுதான். தவணை பாக்கி இருக்கும்போதே செட்டை விற்றுவிடுகிறார்கள். நிதி நிறுவனம் போட்டுவைத்த பூட்டுச் செயலி, அடுத்த தவணை தவறியதும் செட்டை முடக்கிவிடுகிறது. அப்போது செட் உங்கள் வாடிக்கையாளர் கையில் இருக்கும். சண்டை உங்கள் கடை வாசலில் நடக்கும். அமைப்புகளுக்குள் சென்று, சாதன நிர்வாகிச் செயலிகளில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதும், தவணை முடிந்ததற்கான சான்றைக் கேட்பதும் இதற்கு வழி. அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளும் விற்பனைக்கு வரும். அவற்றைப் பழுதுபார்த்துக் கொடுங்கள், விலைக்கு வாங்காதீர்கள். அது ஒரு மாணவரின் படிப்புக்காக மக்கள் பணத்தில் கொடுக்கப்பட்ட பொருள்.

செட் நல்லது என்று முடிவான பிறகு, பணம் கொடுப்பதற்கு முன்பாக, விற்பவர் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அவருடைய கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ அவர் கையாலேயே நீக்கச் சொல்லுங்கள். கணக்கை நீக்காமல் ரெக்கவரி வழியாக ரீசெட் செய்தால், ஆண்ட்ராய்டு 5.1இல் வந்த எஃப்ஆர்பி என்ற ரீசெட் பாதுகாப்புப் பூட்டு, பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். ஐபோனில் 2013ஆம் ஆண்டிலிருந்தே இத்தகைய பூட்டு இருக்கிறது. “ஃபைண்ட் மை” வசதியை அணைத்துவிட்டுத்தான் செட்டைக் கைமாற்ற வேண்டும். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகு முழு ரீசெட் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய மென்பொருளோடு வெளிவந்த செட்டுகளில் தகவல்கள் குறியாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுவதால், ரீசெட்டின்போது அதற்கான திறவுகோல் அழிந்துவிடுகிறது. பழைய படங்களை மீட்பது நடைமுறையில் இயலாது. அதற்கு முந்தைய செட்டுகளில் அந்த நிச்சயம் இல்லை. அவற்றில், கடவுக்குறியீடு வைத்து, அமைப்புகளில் குறியாக்கத்தை இயக்கிய பிறகு ரீசெட் செய்வதே பாதுகாப்பு.

மடிக்கணினியில் கூடுதல் கவனம் வேண்டும். கோப்புகளை அழித்துக் குப்பைத் தொட்டியைக் காலி செய்வதாலோ, விரைவு ஃபார்மேட் செய்வதாலோ தகவல் அழிவதில்லை. எங்கே எது இருக்கிறது என்ற அட்டவணை மட்டுமே போகிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் முழுத் தட்டின் மீதும் ஒரு முறை பூஜ்ஜியங்களை எழுதிவிட்டால் போதும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி என்றால் அந்த முறை சரிப்படாது, ஏனெனில் அது எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொண்டிருக்கும். தயாரித்த நிறுவனமே தரும் பாதுகாப்பான அழிப்புக் கட்டளையை இயக்க வேண்டும். இயங்காத டிஸ்க்குகளைத் துளையிட்டோ உடைத்தோ ஒதுக்கி வையுங்கள். இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் படங்கள், வங்கி விவரங்கள், மருத்துவ அறிக்கைகள் எல்லாம் உங்கள் மேசைக்கு வருகின்றன. கொடுத்தவர் உங்களை நம்பிக் கொடுக்கிறார். உங்கள் கடையில் வேலை செய்யும் எவரும் வாடிக்கையாளரின் கேலரியைத் திறக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லி, மீறியவரை வேலையிலிருந்து நிறுத்திவிடுங்கள். இதில் இரண்டாவது வாய்ப்பு கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எந்தச் செட்டை வாங்குவது என்பதில் உங்களுக்கு நான் கற்றுக்கொடுக்க அதிகம் இல்லை. சிம் தட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் நீர் காட்டி வெள்ளையாக இருக்கிறதா சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும், பின்மூடி ஓரத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று ஊகிப்பதும் உங்களுக்கு அன்றாடப் பழக்கம். நான் சேர்க்க விரும்புவது மென்பொருளைப் பற்றி. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன செட், வெளித்தோற்றத்தில் புதிதுபோல் இருந்தாலும், இன்னும் சிறிது காலத்தில் வங்கிச் செயலியும் யுபிஐயும் அதில் ஓட மறுக்கும். அதை வாங்குபவர் பெரும்பாலும் ஒரு தினக்கூலித் தொழிலாளியாகவோ கல்லூரி மாணவராகவோ இருப்பார். ஆறு மாதத்தில் பயனற்றுப் போகும் பொருளை அவரிடம் விற்கக் கூடாது. சாம்சங் தன் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக 2024இல் அறிவித்தது. கூகுள் பிக்சல் 8 வரிசைக்கும் அப்படியே. மலிவான செட்டுகளுக்கு இந்தக் காலம் மிகக் குறைவு. கொள்முதல் விலையை நிர்ணயிக்கும்போது மீதமிருக்கும் அப்டேட் காலத்தையும் கணக்கில் சேருங்கள். பேட்டரியைப் பொறுத்தவரை, ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முறை முழுமையாகச் சார்ஜ் ஆன பிறகு 80 சதவீதத் திறனோடு இருக்கும்படியும், 15 முதலானவை 1,000 முறைக்குப் பிறகு அந்த நிலையில் இருக்கும்படியும் வடிவமைக்கப்பட்டவை. அதற்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரியை மாற்றிவிட்டே விற்பனைக்கு வையுங்கள்.

விற்கும்போது ரசீது கொடுங்கள். பழைய பொருளையோ புதுப்பித்த பொருளையோ புதியது என்று காட்டி விற்பதும், ரசீது தராமல் இருப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கைகள். பயன்படுத்தப்பட்டது என்றும், எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது என்றும், அது ஒரிஜினலா, வேறு கம்பெனிக் காம்போவா என்றும் ரசீதிலேயே எழுதுங்கள். ஒரு முறை திறந்து ஒட்டிய செட்டைத் தண்ணீர் புகாதது என்று சொல்லி விற்காதீர்கள். நிறுவனம் போட்ட பசை முத்திரை அந்தத் தரத்துக்கு உங்கள் மேசையில் திரும்ப வராது. மூன்று மாதமோ ஆறு மாதமோ, உங்களால் தாங்க முடிந்த அளவுக்கு ஓர் உத்தரவாதத்தை எழுத்தில் கொடுங்கள். திண்டுக்கல் போன்ற ஊரில் வாடிக்கையாளர் உங்கள் கடைப் படியேறி வந்து கேட்க முடியும் என்பதே, இணையத்தில் விற்கும் பெரிய நிறுவனங்களைவிட உங்களுக்கு இருக்கும் பலம்.

லைசென்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. சாதனங்களைப் புதுப்பித்து விற்பவர்களும் மறுசுழற்சி செய்பவர்களும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு பெற வேண்டும் என்கின்றன அவை. ஆனால் குறு நிறுவனங்களுக்கு இந்த விதிகள் பொருந்தா என்று அவற்றிலேயே விலக்கு இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல், இயந்திரம், கருவிகளில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மிகாத முதலீடும், பத்துக் கோடி ரூபாய்க்கு மிகாத ஆண்டு விற்றுமுதலும் உள்ளவை குறு நிறுவனங்கள். உங்கள் கடை இந்த வரம்புக்குள் வசதியாக அடங்கும். குறு, சிறு தொழில்களுக்காகக் கட்டணமில்லாமல் இணையத்தில் கிடைக்கும் உத்யம் பதிவைச் செய்து, அந்தச் சான்றிதழைக் கடையில் மாட்டிவையுங்கள். நீங்கள் குறு நிறுவனம் என்பதற்கு அதுதான் ஆதாரம். பின்னாளில் நூற்பாலைகளிலிருந்தோ கல்லூரிகளிலிருந்தோ பழைய கணினிகளை மொத்தமாக எடுக்க நினைத்தால் நிலைமை மாறும். 1,000 எண்ணிக்கைக்குக் குறையாத சாதனங்களைப் பயன்படுத்தும் நிறுவனம் தன் மின்னணுக் கழிவைப் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். அந்த வியாபாரம் வேண்டுமானால் அப்போது நீங்களும் பதிவு பெற வேண்டும்.

ஜிஎஸ்டியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய பொருள் வியாபாரிகளுக்கு மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 32(5) என்ற சலுகை விதி உண்டு. 8,000 ரூபாய்க்கு வாங்கிய செட்டை 11,000 ரூபாய்க்கு விற்றால், முழுத் தொகைக்கு அல்லாமல், இடையிலுள்ள 3,000 ரூபாய்க்கு மட்டும் 18 சதவீத வரி கணக்கிடப்படும். நஷ்டத்துக்கு விற்றால் அந்த விற்பனைக்கு வரி இல்லை. அந்தச் செட்டை வாங்கியதற்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை, எடுத்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பலரும் தவறாக நினைக்கும் ஒன்று, பதிவு வரம்பு 40 லட்சம் என்பது. பொருள் மட்டும் விற்பவருக்கே அந்த வரம்பு. நீங்கள் பழுதுபார்ப்பு என்ற சேவையும் செய்வதால் உங்களுக்கு வரம்பு 20 லட்சம். ஆடிட்டர் ஒருவரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசி இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனிப் பின்னறைக்கு வருகிறேன். மூட்டைகள் காத்திருக்கலாம், பேட்டரி நிறைந்த அந்தப் பக்கெட் காத்திருக்கக் கூடாது. லித்தியம் பேட்டரிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்து, ஒன்றின் முனை மற்றொன்றின் முனையில் உரசினால் குறுக்கு மின்னோட்டம் ஏற்படும். ஒன்று சூடாகித் தீப்பிடித்தால் பக்கத்தில் இருப்பவையும் வரிசையாகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு என்ற நச்சு வாயு இருக்கும். இன்றே பக்கெட்டை வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றி, ஒவ்வொரு பேட்டரியின் முனையையும் இன்சுலேஷன் டேப்பால் ஒட்டுங்கள். உப்பியவற்றைத் தனியே பிரித்து, மூடியுள்ள இரும்பு டப்பாவில் உலர்ந்த மணலுக்குள் புதைத்து வையுங்கள். காற்று எடுக்கிறேன் என்று ஊசியால் குத்துவதும், உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவதும் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்களுக்கு உண்டு. உங்களுக்குப் பேட்டரி வழங்கும் மொத்த வியாபாரியிடமும், ஊரிலுள்ள நிறுவன சர்வீஸ் சென்டர்களிடமும் கேட்டு ஒப்படையுங்கள். குப்பை வண்டியில் போடாதீர்கள்.

நீங்கள் பழையது வாங்குகிறீர்கள் என்று தெரிந்ததும், பெரிய பிக்சர் டியூப் வைத்த பழைய டிவிகளையும் வாசலில் கொண்டுவந்து இறக்குவார்கள். 2006 முதல் 2011 வரை தமிழ்நாடு அரசு வீடுகளுக்கு வழங்கிய ஒரு கோடிக்கும் அதிகமான வண்ணத் தொலைக்காட்சிகளில் எத்தனையோ இன்னும் பரணில் கிடக்கின்றன. அந்தக் கண்ணாடிக் குழாயின் பின்பகுதியில் ஈயம் கலந்திருக்கிறது. செம்புச் சுருளுக்காக அதைச் சுத்தியலால் உடைப்பது பல பழைய இரும்புக் கடைகளில் நடக்கிறது. நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

பழைய இரும்புக் கடைக்காரர்களையும், தெருத்தெருவாகச் சைக்கிளில் சென்று சேகரிப்பவர்களையும் இழிவாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் உருவான 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் 22.3 சதவீதமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாக ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை சொல்கிறது. நம் நாட்டில் வீட்டு வாசல் வரை சென்று சேகரிப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் சேகரித்தது முறையான ஆலைக்குப் போகாமல் அமில வாளிக்கும் தீக்கும் போகிறது என்பதே குறை. உங்களைப் போன்ற கடைக்காரர் ஒருவர் நடுவில் நின்று அவர்களுக்கும் நியாயமான விலை கொடுத்து, சரக்கைச் சரியான இடத்துக்குத் திருப்பிவிட முடியும்.

ஆகவே கோவையிலிருந்து வருபவரிடம் முதலில் விலை பேசாதீர்கள், ஆவணம் கேளுங்கள். அவர் மறுசுழற்சியாளராகவோ, பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்காகச் சேகரிப்பவராகவோ இருந்தால், அந்த நிறுவனத்தின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பதிவு எண்ணும், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளித்த இயக்க இசைவாணையும் அவரிடம் இருக்கும். பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மத்திய வாரியத்தின் தளத்திலேயே கிடைக்கிறது. பெயர் அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். போர்டுகளை எடைபோட்டுக் கொடுக்கும்போது எடை, தேதி, நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றோடு எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற ஆலை தரும் விலை, அமிலக்காரர் தரும் விலையைவிடக் குறைவாக இருக்கக்கூடும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவை ஏற்பவருக்கும் சாக்கடையில் ஊற்றுபவருக்கும் உள்ள வித்தியாசம் அது. மூன்று மூட்டையும் சேர்ந்து ஒரு லாரிக்கான சரக்கு ஆகாது என்பதால், ஊரிலுள்ள மற்ற சர்வீஸ் கடைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு மொத்தமாக அனுப்பினால் வண்டி வாடகை பகிர்ந்துபோகும், நிறுவனமும் நேரில் வந்து எடுக்கச் சம்மதிக்கும். கோவைக்காரர் பதிவு எண்ணைக் காட்ட மறுத்தால் ஒரு கிலோகூடக் கொடுக்க வேண்டாம். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குச் சென்று, உங்கள் பகுதியிலிருந்து சரக்கு எடுக்கும் பதிவு பெற்ற நிறுவனம் எது என்று கேளுங்கள்.